வெப்ஹூக் வாசலில் காவல் இல்லாத மென்பொருள்கள்: கண்டறிந்து அடைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் பெரியகடையில் வியாபாரம் செய்யும் ஒருவரைப் பழக்கமில்லாத குரல் ஒன்று தொலைபேசியில் அழைத்து, "ரொறன்ரோவிலிருந்து காசு கட்டியாயிற்று, பத்துக் கிலோ ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் பொதி செய்து அனுப்புங்கோ" என்று சொன்னால், "நீங்கள் ஆர் பேசுறது?" என்று அவர் கேட்பார், பதில் எதுவாக இருந்தாலும் வங்கிக் கணக்கைப் பார்க்காமல் ஒரு பொதியையும் கட்டமாட்டார். ஆனால் அதே கடைக்காரருக்காக நாங்கள் எழுதிக் கொடுக்கும் இணையத்தள மென்பொருள், "இந்த ஓடருக்குப் பணம் கிடைத்துவிட்டது" என்று எங்கிருந்தோ வரும் ஒரு எச்.ரி.ரி.பி. செய்தியை, அனுப்பியவர் யார் என்று ஒரு வார்த்தையும் கேட்காமல் நம்பி, தரவுத்தளத்தில் "பணம் செலுத்தப்பட்டது" என்று பதிந்துவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றியது.

வெப்ஹூக் என்பது ஒரு சேவை தன்னிடம் ஏதேனும் நிகழ்ந்தவுடன் உங்கள் சேவையகத்திலுள்ள ஒரு முகவரிக்குத் தானாகவே செய்தி அனுப்பும் முறை. 2007 இல் ஜெஃப் லின்ட்சே என்பவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வழமையான இணையப் பக்கத்தில் பாவனையாளர் உள்நுழைந்த பின்னரே வேலைகள் நடக்கும். வெப்ஹூக்கில் எதிரே இருப்பது மனிதர் அல்ல, இன்னொரு சேவையகம். அதனால் உள்நுழைவுப் பக்கம் கிடையாது, குக்கி கிடையாது, நிரல் சட்டகங்கள் (ஃபிரேம்வேர்க்குகள்) வழமையாகத் தரும், வேறு தளத்திலிருந்து பாவனையாளர் பெயரில் போலிக் கோரிக்கை வருவதைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். பாதுகாப்பையும் அந்த முகவரிக்கு மட்டும் நாங்களே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். இருந்த காவல்களை எல்லாம் எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக எதையும் வைக்காமல் விட்டுவிடும் இந்தப் பிழை, மென்பொருள் பலவீனங்களின் பொதுப் பட்டியலில் சி.டபிள்யூ.இ.-306 என்ற எண்ணில், முக்கியமான செயற்பாட்டுக்கு அடையாள உறுதிப்படுத்தல் இல்லாமை என்ற பெயரில் இருக்கிறது.

படி 1: எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்

சிறிய நிறுவனங்களின் சேவையகங்களைப் பார்க்கும்போது, பொறுப்பானவர் "எங்களிடம் ஒரு வெப்ஹூக்தான் இருக்கிறது" என்பார்; தேடிப்பார்த்தால் நான்கைந்து கிடைக்கும். கொடுப்பனவு அறிவித்தல் ஒன்று, கிற்ஹப்பிலிருந்து நிரல் புதுப்பிப்பை எடுத்துச் சேவையகத்தில் இடும் முகவரி ஒன்று, ரெலிகிராம் பொட் ஒன்று, யாரோ பரிசோதித்துப் பார்க்க நிறுவிய, சேவைகளை இணைத்து வேலைகளைத் தானாக நடத்தும் என்8என் ஒன்று, விலகிச் சென்ற ஒருவர் விட்டுப்போன முகவரி ஒன்று. ஆகவே நினைவை நம்பாமல் மூன்று இடங்களில் தேடுங்கள்: உங்கள் நிரலின் பாதை வரையறைகளில் அடையாளச் சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டவை, என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற இணையச் சேவையக மென்பொருளின் அமைப்புக் கோப்புகளில் உள்ளே திருப்பிவிடப்படும் பாதைகள், சேவையகத்தில் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் போர்ட்கள் (இணைப்பு வாயில் எண்கள்).

மூன்றாவதில் ஒரு பொறி உண்டு. உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. தீச்சுவரை இயக்கி 80, 443, 22 ஆகிய போர்ட்களை மாத்திரம் அனுமதித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓடவைக்கும் டொக்கர் வெளியிடும் போர்ட்கள் அந்தத் தீச்சுவரின் விதிகளைத் தாண்டி நேரடியாக வெளியே திறந்துவிடும். டொக்கரில் ஓடும் என்8என்னின் 5678 போர்ட் இப்படி உலகத்துக்கே திறந்திருக்கலாம். உள்முகவரியான 127.0.0.1 உடன் மட்டும் போர்ட்டைப் பிணைத்து, வெளித்தொடர்பை என்ஜின்எக்ஸ் வழியாக மாத்திரம் விடுவதே சரியானது.

"முகவரி நீளமானது, ஒருவருக்கும் தெரியாது" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். முகவரி இரகசியமாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அது அணுகல் பதிவுகளில் எழுதப்படுகிறது, திரைப்பிடிப்புகளில் தெரிகிறது, கிற் களஞ்சியத்தில் கிடக்கிறது. துணை ஆள்களப் பெயருக்கு ரி.எல்.எஸ். சான்றிதழ் பெற்ற கணத்திலேயே அந்தப் பெயர் எவரும் தேடக்கூடிய சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் சேர்ந்துவிடுகிறது. வேலிக்குள் மறைந்திருந்தாலும் படலை படலைதான்.

படி 2: உங்கள் வாசலை நீங்களே தட்டிப் பாருங்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை: இதை உங்களுக்கு உரிய, அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த சேவையகத்தில் மட்டுமே செய்யுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றமாகும். "சோதித்துத்தான் பார்த்தேன்" என்ற விளக்கத்தை நம்பி இறங்க வேண்டாம்.

கேர்ள் அல்லது போஸ்ற்மன் போன்ற ஒரு கருவியால் நான்கு செய்திகளை அனுப்புங்கள். முதலாவது கையொப்பமே (அனுப்புபவர் செய்தியுடன் இணைக்கும் சரிபார்ப்பு முத்திரை; படி 3 இல் விரிவாக) இல்லாதது. இரண்டாவது, கையொப்ப ஹெடர் (உடலுக்கு முன் வரும் தலைப்பு வரி) இருந்தும் அதன் மதிப்பு வெறுமையாகவோ பிழையாகவோ இருப்பது. மூன்றாவது, உண்மையான செய்தியொன்றின் சரியான கையொப்பத்தை வைத்துக்கொண்டு உடலில் தொகையை மட்டும் மாற்றியது. நான்காவது, நேற்று உண்மையாகவே வந்த ஒரு செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே மீண்டும் அனுப்புவது. முதல் மூன்றும் மறுப்பைக் குறிக்கும் 401 அல்லது 403 என்ற பதிலுடன் திரும்ப வேண்டும். நான்காவது எந்தப் பதிலைப் பெற்றாலும் தரவுத்தளத்தில் இரண்டாம் முறை எதையும் மாற்றக்கூடாது.

பதில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சில நிரல்கள் கையொப்பம் பிழை என்று 403 அனுப்பும், ஆனால் அதற்கு முந்தைய வரியிலேயே ஓடரைப் புதுப்பித்திருக்கும். எல்லாவற்றுக்கும் 200 (சரி) என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே சரியாக நிராகரிப்பவையும் உண்டு. தரவுத்தள வரிசையைத் திறந்து கண்ணால் பார்ப்பதே சோதனை.

படி 3: கையொப்பத்தைச் சரிபாருங்கள்

பெரும்பாலான சேவைகள் பயன்படுத்துவது எச்மக் என்ற முறை. 1997 இல் ஆர்.எஃப்.சி. 2104 ஆக வெளியானது. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே இரகசியச் சாவி இருக்கும். அனுப்புபவர் செய்தியின் உடலையும் சாவியையும் சேர்த்து ஒரு முத்திரையைக் கணித்து ஹெடரில் வைப்பார். நீங்கள் வந்த உடலைக்கொண்டு அதே கணக்கைச் செய்து இரண்டையும் ஒப்பிடுகிறீர்கள். கிற்ஹப் இதை எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 என்ற ஹெடரில் அனுப்புகிறது. ஷொப்பிஃபை அதே எஸ்.எச்.ஏ.-256 முத்திரையை பேஸ்64 வடிவில் தருகிறது. கிற்லாபின் வழமையான முறையோ கணக்கு எதுவுமின்றி, நீங்கள் கொடுத்த ரோக்கனை (இரகசியச் சொல்லை) அப்படியே ஹெடரில் திருப்பி அனுப்புவது. அது அனுப்புபவரை ஓரளவு காட்டும், செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டாது.

கணக்கு எளிது; தவறுகள் அதைச் சுற்றித்தான் நடக்கின்றன. மிக முக்கியமானது, முத்திரை இடப்பட்டது கம்பி வழியாக வந்த மூல பைட்டுகளுக்கே என்பது. எக்ஸ்பிரஸ் போன்ற சட்டகங்கள் ஜேசன் (தரவை எழுத்துகளாக அடுக்கி அனுப்பும் வடிவம்) உடலைப் பிரித்துப் பொருளாக்கித் தந்துவிடுகின்றன. நிரலாளர் அதை மீண்டும் ஜேசனாக எழுதி முத்திரை கணிக்கிறார். ஆங்கிலப் பெயர்களுடன் பரிசோதிக்கும்போது இது சில வேளைகளில் பொருந்தியும் விடும். பின்னர் வாடிக்கையாளர் ஒருவர் தன் பெயரைத் தமிழில் எழுதுகிறார். பி.எச்.பி.யின் ஜேசன் ஆக்கியும் பைத்தனின் ஜேசன் ஆக்கியும் எதையும் மாற்றிச் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண் வடிவத்துக்கு மாற்றித்தான் எழுதும். பைத்தன் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளியும் விடும், பி.எச்.பி. சாய்கோட்டுக்கு முன் இன்னொரு கோட்டைச் சேர்க்கும். அனுப்பியவர் தமிழை யு.ரி.எஃப்.-8 இல் அப்படியே எழுதியிருந்தால், முத்திரை பொருந்தாது. "தமிழ்ப் பெயர் வந்தால் பணம் பதியப்படவில்லை" என்ற முறைப்பாடு வரும். அவசரத்தில் ஒருவர் சரிபார்ப்பு வரியையே நிறுத்திவிடுவார். எங்கள் ஊர்களில் கையொப்பச் சோதனை காணாமற்போவதற்கு இது எங்களுக்கே உரிய ஒரு காரணம் என்று நான் கருதுவதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். தீர்வு: பி.எச்.பி.யில் உள்ளீட்டு ஓடையிலிருந்து மூல உடலை வாசியுங்கள்; எக்ஸ்பிரஸில் அந்தப் பாதைக்கு மட்டும் மூல உடலைத் தரும் இடைநிரலைப் போடுங்கள்; சரிபார்த்து முடிந்த பின்னரே ஜேசனைப் பிரித்தெடுங்கள்.

இரண்டாவது, ஒப்பிடும் முறை. சாதாரணச் சமக்குறி முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடுவதால், எடுத்த நேரத்தை அளந்து முத்திரையை ஊகிக்கக் கோட்பாட்டளவில் இடமுண்டு. பி.எச்.பி.யில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இரண்டு சமக்குறிகளால் ஒப்பிடும்போது, பூச்சியத்தில் தொடங்கி, அடுத்து e என்ற ஆங்கில எழுத்தும் பின்னர் இலக்கங்கள் மட்டுமே கொண்ட எழுத்துச்சரங்கள் இரண்டும் எண்களாகக் கொள்ளப்பட்டு, இரண்டும் பூச்சியம் என்று சமமாகிவிடும். பி.எச்.பி. 5.6 இலிருந்து இருக்கும் ஹாஷ் ஈக்வல்ஸ், பைத்தனின் கொம்பெயர் டைஜஸ்ற், நோட்டின் டைமிங் சேஃப் ஈக்வல் ஆகியவை இதற்கென்றே உள்ளன. கடைசியாகச் சொன்னது இரு பக்கமும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பிழை எறியும் என்பதால், முதலில் நீளத்தைப் பாருங்கள்.

மூன்றாவதை நான் என் நிரலிலேயே செய்திருக்கிறேன். "இரகசியச் சாவி அமைக்கப்பட்டிருந்தால் சரிபார்" என்று எழுதியிருந்தேன். புதிய சேவையகத்துக்கு மாற்றியபோது சூழல் மாறியில் சாவியை இட மறந்துவிட்டேன். மென்பொருள் எந்த முறைப்பாடும் இல்லாமல் இரண்டு கிழமைகள் எல்லோரையும் நம்பியது. இதன் உறவுக்காரப் பிழை ஒன்று, சாவி வெறுமையாக இருக்கும்போதும் எச்மக் கணக்கைச் செய்வது: வெறும் சாவியுடன் முத்திரை இட எவராலும் முடியும். சாவி இல்லையென்றால் மென்பொருள் தொடங்கவே கூடாது. அது நின்றுபோனால் காலையில் உங்களுக்குத் தொலைபேசி வரும். திறந்துகிடந்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

படி 4: கையொப்பம் எதை மூடுகிறது என்று பாருங்கள்

இலங்கையில் பலரும் பயன்படுத்தும் கொடுப்பனவுச் சேவையான பேஹியரை எடுத்துக்கொள்வோம். பணம் செலுத்தி முடிந்ததும் வாங்குபவரின் உலாவி திரும்பி வரும் முகவரி ஒன்று. பேஹியரின் சேவையகம் நேரடியாக அறிவிக்கும் முகவரி மற்றொன்று. முதலாவது வெறும் "வந்தமைக்கு நன்றி" பக்கம், அதில் கொடுப்பனவு நிலை எதுவும் வராது. அந்தப் பக்கம் திறக்கப்பட்டதையே பணம் வந்ததற்கான சான்றாகக் கொள்ளும் நிரல், எவரும் முகவரியைத் தட்டச்சிட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்ள வழிவிடுகிறது.

இரண்டாவதில் வரும் எம்.டி.5 (செய்தியிலிருந்து சுருக்க முத்திரை கணிக்கும் ஒரு பழைய முறை) கையொப்பம், வணிகர் எண், ஓடர் எண், தொகை, நாணயம், நிலைக் குறியீடு ஆகியவற்றை அந்த ஒழுங்கில் தொடுத்து, இறுதியில் வணிகர் இரகசியத்தின் எம்.டி.5 ஐப் பெரிய எழுத்துகளில் சேர்த்து, முழுவதற்கும் மீண்டும் எம்.டி.5 எடுத்துப் பெரிய எழுத்தாக்கியதாகும். நிலைக் குறியீடு 2 என்றால் மட்டுமே வெற்றி; 0 நிலுவை, எதிர்க்குறி எண்கள் இரத்து, தோல்வி, பணம் மீளப்பெறல் ஆகியவற்றைக் குறிக்கும்.

இந்தச் சூத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு விடயங்கள் புலப்படும். ஒன்று, நீங்கள் விரும்பியதை இட்டு அனுப்பக்கூடிய தனிப்பயன் புலங்கள் கையொப்பத்துக்குள் இல்லை. தள்ளுபடியையோ அங்கத்துவ வகையையோ அங்கே வைத்து, அறிவித்தல் வந்தபின் அதை நம்பினால், கையொப்பம் சரியாக இருந்தும் நீங்கள் ஏமாறலாம். மற்றொன்று, நேர முத்திரை இல்லை. அதே அறிவித்தல் எத்தனை முறை வந்தாலும் கையொப்பம் செல்லுபடியாகும். ஆகவே வந்த தொகையையும் நாணயத்தையும் உங்கள் தரவுத்தளத்தில் அந்த ஓடருக்கு எழுதியிருப்பதுடன் ஒப்பிடுங்கள். 25,000 ரூபாய் ஓடருக்கு 25 ரூபாய் கட்டியவரின் கையொப்பமும் கணிதப்படி சரியாகவே இருக்கும். கையொப்பம் "இதைச் சொன்னது இன்னார்" என்பதை மட்டும் சொல்கிறது, "உங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது" என்று சொல்வதில்லை. ஏற்கெனவே பணம் செலுத்தப்பட்டதாகப் பதிந்த ஓடரை மீண்டும் தொடாதபடி தரவுத்தளத்திலேயே தனித்துவ விதி ஒன்றை இடுங்கள். நிரலில் "முன்பே வந்ததா" என்று பார்ப்பது மட்டும், ஒரே கணத்தில் இரண்டு செய்திகள் வரும்போது போதாது.

படி 5: பழைய செய்தியை அடையாளம் காணுங்கள்

ஸ்ரைப், ஸ்லாக் ஆகியவை நேரத்தையும் கையொப்பத்துக்குள் சேர்க்கின்றன. ஸ்ரைப்பில் நேர எண், ஒரு புள்ளி, பிறகு மூல உடல் என்ற தொடருக்கே முத்திரை இடப்படுகிறது. அதன் அதிகாரபூர்வ நூலகங்கள் வழமையாக 5 நிமிட வேறுபாட்டை ஏற்கின்றன, ஸ்லாக்கும் அதே 5 நிமிடங்களையே பரிந்துரைக்கிறது. வரும் எண் 1970 சனவரி 1 இலிருந்து எண்ணப்படும் வினாடிகள். அதற்கு நேர வலயம் கிடையாது. அதை யாழ்ப்பாண நேரமாக மாற்றி ஒப்பிட முயன்றால் சரியாக 19,800 வினாடிகள், அதாவது ஐந்தரை மணித்தியாலம், பிசகும். அந்தப் பிசகை "சரிசெய்ய" ஏற்கும் இடைவெளியை ஆறு மணித்தியாலமாக்கிய நிரலையும் பார்த்திருக்கிறேன். வினாடிகளை வினாடிகளோடு ஒப்பிடுங்கள். சேவையகக் கடிகாரத்தை, இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்.ரி.பி.யுடன் இணைத்து வையுங்கள்.

படி 6: பிறர் எழுதிய கருவிகளின் இயல்பு அமைப்பை மாற்றுங்கள்

என்8என்னில் வெப்ஹூக் முனையைப் போட்டவுடன் அடையாள உறுதிப்படுத்தல் "எதுவுமில்லை" என்ற நிலையில் இருக்கும். அடிப்படை உறுதிப்படுத்தல் (பெயரும் கடவுச்சொல்லும்), ஹெடர் ரோக்கன், ஜே.டபிள்யூ.ரி. (கையொப்பமிட்ட ரோக்கன்) ஆகியவற்றில் ஒன்றை நீங்களே தெரிவுசெய்ய வேண்டும்.

கோ மொழியில் எழுதப்பட்ட, பெயரே "வெப்ஹூக்" என்றமைந்த சிறு சேவையகம் இன்னும் கவனத்துக்குரியது, ஏனெனில் அதன் வேலையே செய்தி வந்ததும் சேவையகத்தில் ஒரு கட்டளையை இயக்குவது. இயல்பாக 9000 ஆம் போர்ட்டில் கேட்கும். அமைப்புக் கோப்பில் தூண்டல் விதி எழுதாவிட்டால் யார் தட்டினாலும் கட்டளை ஓடும். எஸ்.எச்.ஏ.-256 முத்திரையைச் சரிபார்க்கும் விதியும், களஞ்சியத்தின் எந்தக் கிளைக்கு நிரல் வந்தது என்று பார்க்கும் விதியும், இரண்டும் உண்மையாக இருக்கவேண்டும் என்ற இணைப்புக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்ற இணைப்புக்குள் தவறுதலாக வைத்தால், கிளைப் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்த எவரும் உள்ளே வரலாம்.

பெரிய மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. நிரலைத் தானாகக் கட்டியெழுப்பும் ஜென்கின்ஸின் கிற் செருகுநிரலில் 4.11.3 வரையான பதிப்புகளில், அறிவித்தல் முகவரிக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தன் விருப்பப்படி கட்டுமானப் பணிகளைத் தொடக்க முடிந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பதிவில் சி.வி.இ.-2022-36883 என்று பதியப்பட்ட அந்தக் குறை, அடுத்த பதிப்பில் ரோக்கனைக் கட்டாயமாக்கியதன் மூலம் அடைக்கப்பட்டது. மென்பொருளைத் தானாகச் சேவையகங்களில் இடும் ஆர்கோ சி.டி.யின் வெப்ஹூக் முகவரியோ மிகப் பெரிய ஜேசன் உடலொன்றை எந்த அடையாளமும் கேட்காமல் நினைவகத்துக்குள் இழுத்து நின்றுபோனது; அது சி.வி.இ.-2024-40634. கையொப்பத்தைச் சரிபார்க்க முழு உடலும் தேவை என்பதால், உடலின் அளவு எல்லையை அதற்கும் முன்னே வைக்க வேண்டும். என்ஜின்எக்ஸின் இயல்பு எல்லை 1 எம்.பி.; கிற்ஹப் 25 எம்.பி. வரை அனுப்பக்கூடும் என்பதால் அந்தப் பாதைக்கு மட்டும் தேவைக்கேற்பக் கூட்டலாம்.

ரெலிகிராம் பொட்டுக்கு வெப்ஹூக்கைப் பதியும்போது இரகசிய ரோக்கன் ஒன்றைக் கொடுக்கலாம். பின்னர் ஒவ்வொரு செய்தியுடனும் அது ஹெடரில் திரும்பி வரும். கொடுக்காவிட்டாலும் பொட் வேலை செய்யும் என்பதால் பலர் கொடுப்பதில்லை.

படி 7: சாவியைப் பேணுங்கள்

சாவியை யோசித்து உருவாக்காதீர்கள், ஓப்பன்எஸ்.எஸ்.எல். மூலம் 32 பைட் எழுமாற்றாக எடுங்கள். ஒவ்வொரு சேவைக்கும், சோதனைக்கும் உண்மைப் பாவனைக்கும் தனித்தனிச் சாவி வேண்டும். கிற் களஞ்சியத்தில் ஒருமுறை ஏறிய சாவியை, கோப்பை அழித்தாலும் வரலாற்றிலிருந்து எடுக்கலாம். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது சில மணித்தியாலங்களுக்குப் பழையதையும் புதியதையும் ஏற்றுக்கொண்டு, அனுப்பும் பக்கம் மாறிய பின் பழையதை நீக்குங்கள்.

ஐ.பி. முகவரிப் பட்டியலால் வடிகட்டுவது மேலதிகக் காவலாக நன்று. கிற்ஹப் தன் முகவரிகளை வெளியிடுகிறது. ஆனால் உங்கள் தளம் இடைச்சேவையான கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால் இருந்தால், அனுப்பியவரின் முகவரியாக ஒரு ஹெடரில் வருவதையே வாசிப்பீர்கள். உங்கள் சேவையகத்தின் உண்மையான ஐ.பி. தெரிந்த ஒருவர் நேரடியாக வந்து அந்த ஹெடரைத் தானே எழுதிவிடலாம். கையொப்பத்துக்குப் பதிலாக இதை வைக்க வேண்டாம்.

படி 8: வாசல் ஏற்கெனவே திறந்திருந்தால்

முதலில் பதிவுகளின் பிரதியை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். லினக்ஸில் பதிவுகள் சுழற்சியில் அழிந்துபோகும். பின்னர் வாசலை மூடுங்கள், சாவிகளை மாற்றுங்கள். அடுத்து, வெப்ஹூக் முகவரிக்கு வந்த அழைப்புகளை எடுத்து, அனுப்புபவரின் வழமையான ஐ.பி. வீச்சுக்கு வெளியே இருந்து வந்தவற்றைப் பிரித்தெடுங்கள். கட்டளை இயக்கும் வெப்ஹூக் திறந்துகிடந்திருந்தால், அந்தச் சேவையகத்தையே நம்பாமல் புதிதாக நிறுவுவதுதான் பாதுகாப்பு. அதிலிருந்த மற்றக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் விபரங்கள் வெளியேறியதாகத் தெரிந்தால் இலங்கையின் கணினி அவசரநிலைக் குழுவான ஸ்ரீ லங்கா சேர்ட்டுக்கு அறிவிக்கலாம்.

கொடுப்பனவு வெப்ஹூக்காயின், கொடுப்பனவுச் சேவையின் வணிகர் பக்கத்திலிருந்து அந்தக் காலத்துக்கான பரிவர்த்தனை அறிக்கையைத் தரவிறக்கி, உங்கள் தரவுத்தளத்தில் "பணம் செலுத்தப்பட்டது" என்றிருக்கும் ஓடர்களுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அறிக்கையில் இல்லாத ஓடர், தொகை வேறுபடும் ஓடர், ஒரே கொடுப்பனவு எண்ணுடன் இரண்டு ஓடர் ஆகிய மூன்று வகைகளும் வெவ்வேறு ஓட்டைகளைக் காட்டுவன என்பதால் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். இன்னும் அனுப்பப்படாத பொதிகள் இருந்தால், அந்தப் பட்டியல் முடியும்வரை பொதிகட்டும் பிள்ளைகளிடம் கையை நிறுத்தச் சொல்லுங்கள்.